நாலு பேர் மிதிக்க வேண்டிய காய்

1

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஒரு போலீஸ்காரர் வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தார். கனடாவுக்கு வந்த இந்த ஐந்து வருடத்தில் அது முதல் தடவை. கதவைத் திறந்த என் மனைவி சரசு அவரை உள்ளே வரவும் சொல்லாமல், என்ன வேண்டும் என்றும் கேட்காமல், அப்படியே திரும்பி, "ஏனுங்க, சித்த இங்க வாங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டால் எந்தக் கணவனும் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவான். நானும் அப்படித்தான் வந்தேன்.

நாங்கள் இருப்பது ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். வந்தவர் கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம் இருந்தது. இங்கே அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒரு நாள் வரும். பிள்ளைகள் பேய், பிசாசு, பூனை என்று வேஷம் கட்டிக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். கறுப்புத் துணி போர்த்திய குட்டிப் பேய் ரோட்டைக் கடந்தால் கார் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த ஊர்ப் போலீஸே முன்கூட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள், முடிந்தால் அன்று மாலை ஒரு மணி நேரம் தெருமுக்கில் நின்று பிள்ளைகள் ரோட்டைத் தாண்ட உதவுங்கள் என்று கேட்டுக்கொள்கிறது. குற்றம் எதுவும் சொல்லாமல், ரோட்டைப் பற்றி மட்டும் பேசுவதற்கு ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டுவார் என்பதை நம்மூரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆனால் எனக்கு அது புதிதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரசுரத்தைக் கொடுத்தவர் போகவில்லை. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குங்குமம் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம் அதில் இருந்தது. உங்கள் வீட்டுக்கு நேரே ரோட்டில் யாரோ ஒரு பூசணிக்காயை உடைத்திருக்கிறார்கள், விடியற்காலையில் பேப்பர் போடும் அம்மாளின் சைக்கிள் அதில் சறுக்கிவிட்டது, முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை, இந்த நாணயம் அந்தக் காய்க்குள் இருந்தது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

எங்கள் தெருவில் இந்தியக் குடும்பம் ஒன்றே ஒன்றுதான். நாணயத்தில் மூன்று சிங்கமும் பளிச்சென்று தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, "எங்களுடையது இல்லை" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொன்னவனுக்கு ஒரு வரி போதாது போலிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுவன் ரயன் நாணயம் சேர்க்கிறான், அவனுக்கு எங்கள் ஊர் நாணயம் சிலது கொடுத்திருக்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மைதான், அதனால்தான் சொல்ல வசதியாக இருந்தது. வேலை செய்யும் இடத்தில் ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை குழறுகிற என் ஆங்கிலம் அன்று ஒரு இடத்திலும் குழறவில்லை. போலீஸ்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். திரும்பினால் மாடிப்படியில் என் மகள் கவிதா நின்றுகொண்டிருந்தாள்.

2

காய் எங்களுடையதுதான். கவிதாவுக்காகவே உடைத்தது.

அவளுக்குப் பதினேழு வயது. இங்கே கார் ஓட்ட உரிமம் வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் எழுத்துப் பரீட்சை, பிறகு மாதக்கணக்கில் பக்கத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும், அப்புறம் ரோட்டுப் பரீட்சை. கோயம்புத்தூரில் நான் ஒரே ஒரு எட்டுப் போட்டுக் காட்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் டீ குடித்து முடிப்பதற்குள் லைசென்ஸ் வாங்கியவன். இவள் இத்தனையையும் தாண்டி, தனியாக ஓட்டலாம் என்ற அட்டையை வாங்கிவிட்டாள். பழைய கார் ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். அன்றிலிருந்து சரசுவுக்குத் தூக்கம் போய்விட்டது. இனி பனி விழும், ரோடு கண்ணாடியாகிவிடும், இவள் தனியாகப் போவாள் என்பதுதான் கவலை. இந்த வருடம் ஆயுத பூஜை சனிக்கிழமையில் வாய்த்ததால், காருக்குப் பூஜை போட்டுத் திருஷ்டி கழித்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

வெண்பூசணிக்கு இங்கே எங்கே போவது? பண்ணைக் கடையில் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் மலைமலையாகக் குவித்திருக்கிறார்கள். எதற்கு வேண்டும், முகம் செதுக்கவா, பலகாரம் செய்யவா என்று கடைக்கார அம்மா கேட்டார். உடைப்பதற்கு என்றேன். நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். மேல்பக்கம் துளை போட்டு, குங்குமமும் நாணயமும் போட்டு, சூடம் ஏற்றிக் காரைச் சுற்றினேன். வீட்டு முன்னால் கார் நிற்கிற இடத்திலேயே உடைத்துவிடுகிறேன் என்று சொன்னதற்குச் சரசு ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்ம எடத்துல ஒடச்சா நம்ம காலுதானுங்க மிதிக்கும். நாலு பேரு மிதிச்சாத்தான் கழியும்" என்றாள்.

கவிதா தலையில் கை வைத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். யாராவது சிநேகிதிகள் பார்த்துவிடுவார்களோ என்று பயம். நான் ரோட்டுக்குப் போய் ஓங்கிப் போட்டேன். இந்த ஊர்க் காய்க்குத் தோல் தடிமன். உடையாமல் சரிவில் உருண்டு ஓடியது. பின்னாலேயே ஓடிப்போய்த் தூக்கி வந்து இரண்டாவது தடவை போட்டதில்தான் உடைந்தது. காலையில் எழுந்ததும் வாரி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அசந்துவிட்டேன். பேப்பர்க்கார அம்மா எனக்கு முந்திக்கொண்டார்.

ரோட்டில் வேண்டாம் என்று நான்தான் கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் கோவை மாவட்டத்திலேயே கிடையாது.

3

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு நான் கோயம்புத்தூர் கணபதியில் லேத் டர்னர், அதாவது கடைசல்காரன். சத்தி ரோட்டின் மேலேயே ஐந்து பட்டறைகள் வரிசையாக இருந்தன, எங்களுடையது நடுவில் இருந்தது. மற்ற நான்கும் வார்ப்பிரும்பு வேலை செய்கிறவை. நாங்கள் மட்டும் மோட்டார் பம்பின் தண்டு சுழல்வதற்கான பித்தளை வளையம், அதாவது புஷ், கடைந்துகொண்டிருந்தோம். முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுவார், பட்டறையில் தமிழ், மெஷின் நின்றுபோனால் இரண்டையும் கலந்து பேசுவார். ஆயுத பூஜையன்று அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பூசணிக்காய்க்குள் குங்குமம், காசோடு ஒரு பிடி பித்தளைச் சுருளையும் போடச் சொல்வார். லேத்தில் கடையும்போது சுருள் சுருளாகப் பிரிந்து விழுமே, அது. வருடம் முழுக்கச் சோறு போட்டது அதுதானே என்பார். உடைக்கிற வேலை எனக்கு, கை நீளம் என்பதால்.

அந்த வருடமும் பொரிகடலை, சுண்டல் எல்லாம் கொடுத்து முடித்து, மாலையில் ஐந்து பட்டறைக்காரர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ரோட்டில் காயை உடைத்தோம். தார் ரோடு கொஞ்ச தூரத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் குழைந்து கிடந்தது. நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பகல் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு பெண் சரியாக எங்கள் வாசலுக்கு நேரே சறுக்கி விழுந்தாள். பின்னால் சத்தியமங்கலம் போகும் பஸ். டிரைவர் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முன் சக்கரம் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

ஓடிப்போய்த் தூக்கியவன் நான்தான். வலது மணிக்கட்டு கைப்பிடிக்கு அடியில் மாட்டி, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பெயர் ராஜாமணி, நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டுகிற வேலை என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இழை ஒட்டுகிறவருக்குக் கைவிரல்தான் எல்லாம் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் டிராபிக் எஸ்.ஐ. ஒருவர் வந்தார். சத்தியமங்கலத்துப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஐந்து பட்டறையிலும் விசாரித்துக்கொண்டே வந்தார். ரோட்டில் காயை உடைத்து ஒருவருக்குக் கை ஒடிந்தால் அது கேஸ்தான். எங்கள் முதலாளி, எங்களுடையது எல்லாம் ஓரத்தில்தானுங்க உடைத்தோம் என்றார். எஸ்.ஐ. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அந்த அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த பூசணிச் சதையில் கிடைத்ததாம். விரலளவு ஒரு சுருள், வெயிலில் மின்னியது.

"இது என்னங்க?" என்று என்னைக் கேட்டார். போலீஸ்காரர் கேட்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே அது என்னவென்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார்.

"பித்தளைச் சுருளுங்க. லோடு போற வண்டியில இருந்து உழுந்திருக்குமுங்க."

"அப்ப உங்க காயில்லீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எஸ்.ஐ.யின் பொட்டலத்தைப் பார்த்தேன்.

"எங்க காயில்லீங்க" என்றேன்.

"சரீங்க" என்று பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போனார்.

கட்டுப் பிரித்த பிறகும் ராஜாமணிக்கு விரல்கள் மடங்கவில்லை. மில்லில் அவரை இழையிலிருந்து எடுத்து, கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். இதையும் மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் போனால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயம்.

4

இங்கே திங்கட்கிழமை சாயங்காலம் ரயனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு உறை. அதற்குள் நான் ரயனுக்குக் கொடுத்த நாணயங்கள், ஐந்து பைசாவிலிருந்து ஐம்பது பைசா வரை எல்லாம் இருந்தன. போலீஸ்காரர் வந்து விசாரித்தாராம். ரயன் தான் செய்யவில்லை என்கிறானாம். ஆனால் போன வருடம் நிஜமாகவே அவன் ஒரு பூசணிக்காயை ரோட்டில் போட்டு உடைத்தவன், அதனால் அவன் பேச்சை வீட்டில் யாரும் நம்பவில்லை. வருகிற சனிக்கிழமை பேப்பர்க்கார அம்மா வீட்டுக்குப் போய் அவன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. நீங்கள் ஆசையாகக் கொடுத்த பொருளை அவன் இப்படிப் பயன்படுத்தியதற்காக என்னை மன்னித்துவிடுங்கள் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

நான் பரவாயில்லை என்றேன். அந்த வார்த்தையை இந்த நாட்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகிவிட்டது, என்னைக் கேட்காமலே வாயில் வந்துவிடுகிறது.

கவிதா எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். மூன்று வருடமாக வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. பன்னிரண்டு வயது வரை சத்தி ரோட்டில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எங்கே போயிருக்கும் என்று சரசு அடிக்கடி வருத்தப்படுவாள். எங்கும் போகவில்லை. கதவைச் சாத்தியதும் கவிதா என் எதிரில் வந்து நின்று சுத்தமான கோயம்புத்தூர்த் தமிழில் கேட்டாள்.

"அப்பா, அவங்க உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாங்க. நீங்க அதை வாங்கி வெச்சுக்கறீங்க. எப்படீங்கப்பா?"

மகள் தமிழில் பேசியதற்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அவமானமாக இருந்தது, வேறு வார்த்தை தேடி என்ன பயன்.

5

கணபதியில், ராஜாமணி விழுந்ததற்கு அடுத்த வருடம், ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பு அதே எஸ்.ஐ. மறுபடி வந்தார். கேஸ் என்ன ஆயிற்று என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐந்து பட்டறைக்காரர்களையும் முக்குப் பேக்கரிக்கு வரச்சொல்லி, எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தார். உடைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் ஆட்கள் வேண்டுமென்றே இரண்டு காய் உடைத்திருப்பார்கள். தார் ரோட்டை விட்டு மண் ஓரத்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுத் தருகிறேன், அதற்குள் உடையுங்கள் என்றார்.

மண் ஓரத்தில் உடைத்தால் யார் மிதிப்பார்கள், மிதிக்காவிட்டால் திருஷ்டி எப்படிக் கழியும் என்று எங்கள் முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி என்று எல்லாரும் தலையாட்டினோம். எஸ்.ஐ. அதைத் தட்டிக்கழிக்கவில்லை. எத்தனை பேர் மிதிக்க வேண்டும், பஸ் சக்கரம் ஏறினால் கணக்கில் சேருமா, மாடு மிதித்தால் சேருமா, செருப்புக் கால் ஆகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னோம். இத்தனை வருடம் உடைத்த எங்களுக்கே விதி தெரியவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. சக்கரம் சேரும் என்று ஒருவர், சேராது என்று ஒருவர், டீ ஆறிப்போகிற வரைக்கும் தகராறு. கடைசியில் நாலு பேர் மிதித்தால் போதும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள்.

"நாலு பேரு போதுங்களா? அப்பச் சரீங்க. நானு, எங்க ஏட்டய்யா, ரெண்டு கான்ஸ்டபிள். நாலு பேரும் வாரோமுங்க. நாங்க மிதிக்கிறோம்" என்றார் எஸ்.ஐ.

முதலாளிதான் மெதுவாக, அது உங்களுக்கு ஆகாதுங்களே என்றார்.

"காக்கிச் சட்டை மேல யாருங்க கண்ணு வெக்கப் போறாங்க?"

பேக்கரியே சிரித்தது. சிரித்த பிறகு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சொன்னபடியே நாலு பேரும் வந்தார்கள். முதல் பட்டறைக் காய் வட்டத்துக்குள் உடைந்ததும், தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையாக ஏறி மிதித்தார்கள். ஏட்டய்யா பக்திமான், நெற்றி நிறைய விபூதி. மிதிப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். அவருக்கு மட்டும் உள்ளூரப் பயம் இருந்தது என்று நினைக்கிறேன். இருந்தும் மிதித்தார். பக்கத்துச் சந்துகளிலிருந்து சனம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. மிதித்து முடித்ததும் பட்டறைக்காரர்களே மண்வெட்டியால் வாரிச் சிமெண்டுச் சாக்கில் போட்டார்கள். தார் ரோட்டில் ஒரு துளி இல்லை. ஒரு கட்டளையும் போடாமல், ஒருவரையும் அதட்டாமல், நாலு ஜோடி பூட்ஸை வைத்துக்கொண்டு அவர் அதைச் சாதித்தார். இந்த ஊர்ப் போலீஸ் பிரசுரத்தோடு கதவைத் தட்டியபோது எனக்கு ஆச்சரியம் வராததற்கு அவர்தான் காரணம்.

மூன்றாவதாக எங்கள் காய். முதலாளி வழக்கத்தை விடவில்லை, பித்தளைச் சுருளைப் போடத்தான் சொன்னார். வேண்டாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன், ஏன் என்று கேட்டார், வாயை மூடிக்கொண்டேன். எஸ்.ஐ. மிதித்துவிட்டுக் காலைத் தூக்கினார். பூட்ஸ் அடியில் ஒரு சுருள் குத்தி நின்றது. குனிந்து எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. இதுவும் லோடு வண்டியிலிருந்து விழுந்ததா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் விசிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"செல்வராசு, மில்லு உடற நேரமுங்க. அந்த ராஜாமணியம்மா இப்பச் சைக்கிள்ல வர்றதில்லீங்க, நடந்துதான் வர்றாங்க. அவங்க ரோட்டத் தாண்டற வரைக்கும் வண்டிகளை நிறுத்தி உடுங்க" என்றார்.

நான் போய் ரோட்டு நடுவில் நின்றேன். சற்று நேரத்தில் ராஜாமணி வந்தார். சோறு கொண்டுபோன தூக்குப்போசி இடது கையில் இருந்தது. வலது கை வளைந்தபடி இடுப்போடு ஒட்டியிருந்தது. விசிலை ஊதிக் கையை நீட்டினேன். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பாதி ரோட்டில் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு நின்றுவிட்டார்.

"நீங்கதானுங்களே அன்னிக்கு என்னயத் தூக்கி ஆட்டோவுல ஏத்துனது? நல்லா இருக்கோணும் தம்பி. உங்க ஊடு வாசல் நல்லா இருக்கோணும்."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். விசில் வாயில் இருந்ததால் பேச முடியவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயிலிருந்து ஒரு விசிலை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

எஸ்.ஐ. எதிர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விசிலை வாங்கிக்கொள்ள வந்தவர், அவங்ககிட்ட ஏதாச்சும் பேசுனீங்களா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். போன வருடம் சொன்ன அதே குரலில், "சரீங்க" என்றார்.

அடுத்த சில மாதங்களில் கனடா வேலைக்குக் காகிதங்கள் வந்தன. அதற்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். அந்த எஸ்.ஐ. அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். ஸ்டேஷனுக்கு நாலு நடை நடந்து, போட்டோ மூன்று, ரேஷன் கார்டு நகல் எல்லாம் கொடுத்து வாங்கினேன். இவர் மீது எந்தப் புகாரும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன்.

6

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். கவிதா காரை ஓட்டினாள். அதே போலீஸ்காரர் இருந்தார். காய் எங்களுடையது, சொன்னது பொய் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். இந்த நாட்டில் பாவமன்னிப்புக்கும் ஒரு படிவம் இருக்கிறது. பெயர், முகவரி, நடந்தது என்ன என்பது வரை எழுதிவிட்டேன். காரணம் என்று ஒரு கட்டம். அதில் இரண்டே வரி. கோயம்புத்தூரை இரண்டு வரியில் எப்படி எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, என் மகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக, என்று மட்டும் எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். யாருடைய கண், எந்தக் காய், ஏன் ரோட்டில், கார்ச் சக்கரம் ஏறினால் கணக்கில் வருமா. பேக்கரியில் கேட்ட அதே கேள்விகள். சக்கர விஷயத்தில் எங்களுக்குள்ளேயே இன்னும் முடிவாகவில்லை என்றேன். அந்தக் காயை நான்தான் வாரி எடுத்தேன், என் பூட்ஸில் நிறைய ஒட்டிக்கொண்டதே, எனக்கு என்ன ஆகும் என்று கேட்டார். எங்கள் ஊர் எஸ்.ஐ. சொன்ன பதிலைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். ஆனால் ரயன் வீட்டில் நான் போய்ச் சொல்ல மாட்டேன், நீங்களேதான் சொல்ல வேண்டும் என்றார்.

சொன்னேன். ரயனின் அம்மா உள்ளே போய் ரயனைக் கூட்டிவந்தார். பிறகு தன் மகனிடம் மன்னிப்புக் கேட்டார், என்னிடம் இல்லை. ரயன் நாணயங்களைத் திருப்பித் தருவீர்களா என்று மட்டும் கேட்டான். பேப்பர்க்கார அம்மா முழங்காலில் பிளாஸ்திரியைக் காட்டி, அடுத்த வருடம் காலை ஏழு மணிக்கு மேல் உடைத்துக்கொள், அதற்குள் நான் பேப்பர் போட்டு முடித்துவிடுவேன் என்றார். ஹாலோவீன் மாலையில் நான் மின்னும் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் தெருமுக்கில் நின்று, குட்டிப் பேய்களை ரோட்டைத் தாண்ட வைத்தேன். இந்தத் தடவை விசிலைக் கழுத்தில்தான் மாட்டியிருந்தேன், வாயில் வைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கூட வந்த கவிதா கேட்டாள், அந்த ராஜாமணியம்மாவிடம் எப்போது சொல்வீர்கள் என்று. அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

7

அதற்குத்தான் இதை எழுதுகிறேன். ராஜாமணியக்காவின் விலாசம் எனக்குத் தெரியாது. அவருக்குப் படிக்கத் தெரியுமா என்பதும் தெரியாது. மில்லில் இப்போதும் கூட்டுகிறாரா என்று தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் கணபதிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால், வலது கை மடங்காத ஒரு மில் அம்மாவைத் தெரிந்திருந்தால், இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அந்த எஸ்.ஐ. கண்ணில் பட்டால் அவருக்கும்.

அக்கா, நீங்கள் விழுந்தது நான் உடைத்த காயில். உங்களைத் தூக்கியதும் அதே கைதான். விசாரித்தபோது இல்லை என்று சொன்னவனும் நான்தான். அதற்கு அடுத்த வருடம் நடுரோட்டில் நின்று நீங்கள் சொன்ன வாழ்த்தை, எனக்கு உரிமையில்லை என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தேன். வீடும் வாசலும் நீங்கள் சொன்னபடியே நன்றாக இருக்கின்றன. அந்த வாழ்த்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள். அது எங்க காய்தானுங்க, அக்கா.